ஆட்டம் ஒன்று, பலகை பல

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே, கடலை ஒட்டினாற்போல், இராயபுரம் இருக்கிறது. அங்கே உயர்ந்த தூண்களை உடைய பழைய இரயில் நிலையம் ஒன்று இன்றும் நிற்கக் காணலாம். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் அங்கிருந்துதான் புறப்பட்டு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள வாலாஜா ரோடு வரை சென்றது. சென்ட்ரல் நிலையம் அப்போது இல்லை. அது 1873ஆம் ஆண்டில் எழுந்தது. வடசென்னை மக்கள் இந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்லிக்கொள்வது வழக்கம். சொல்லிக்கொள்ளவும் வேண்டும்.

ஆனால் இன்று நான் பேச வந்தது இரயிலைப் பற்றியன்று, விளையாட்டைப் பற்றி. வீட்டிலும் பள்ளியிலும் வைத்துப் பயன்படுத்திய பழைய சிறு கணிப்பொறிகளைக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்துப் பலர் கூடி விளையாடினார்களே, அந்தக் கதையைப் பற்றி. அதற்கு இராயபுரம் நிலையம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இரண்டு இடங்களில் உள்ள இரண்டு இயந்திரங்கள் ஒரே உண்மையை ஒப்புக்கொண்டு நடப்பது எப்படி என்னும் கேள்வியை, கணிப்பொறி பிறப்பதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே கேட்டு விடை கண்டவர்கள் இரயில்வேக்காரர்கள்.

இரு நிலையங்களுக்கு இடையே ஒரே ஒரு தண்டவாளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கத்திலிருந்தும் வண்டிகள் ஒரே வேளையில் புறப்பட்டால் என்ன ஆகும்? மோதி அழியும். ஆகவே ஒரு நிலையத்தார் மணியடித்து, ‘வழி உண்டா?’ என்று கேட்பர். மறு நிலையத்தார், ‘உண்டு’ என்று விடை தர வேண்டும். இதனையே ‘லைன் கிளியர்’ என்பார்கள். பிற்காலத்தில் இதற்கென்று மின்கம்பியால் பிணைக்கப்பட்ட இரு கருவிகள் வந்தன. மறு நிலையத்தார் இசைந்தாலொழிய இந்நிலையத்துக் கருவி தன்னுள் இருக்கும் உலோகக் குண்டை வெளியே விடாது. அந்தக் குண்டுக்கு ‘டோக்கன்’ என்று பெயர். அதைக் கையில் பெற்ற ஓட்டுநரே வண்டியை எடுக்கலாம். ஒரு டோக்கன் வெளியே சென்றிருக்கும் வரையில் இரு கருவிகளில் எதுவும் மற்றொன்றைத் தராது. கேட்டல், இசைதல், அனுப்புதல், வந்து சேர்ந்ததை அறிவித்தல் என்னும் இந்நான்கு படிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

இனி, விளையாட்டுக்கு வருவோம்.

இரயில் வருவதற்கும் முன்னால், 1828-29ஆம் ஆண்டுகளில், சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே ஒரு சதுரங்கப் போட்டி நடந்தது. ஆடியவர்கள் தத்தம் ஊரிலேயே இருந்தார்கள். கடிதங்கள் மட்டும் பயணம் செய்தன. சென்னைத் தரப்பின் ஆட்டத்தை முன்னின்று நடத்தியவர் சென்னையைச் சேர்ந்த குலாம் காசிம் என்பவர். போட்டியில் வென்றது சென்னை. அவரும் ஜேம்ஸ் காக்ரன் என்னும் ஆங்கிலேய அதிகாரியும் சேர்ந்து அவ்வாட்டங்களை விளக்கி எழுதிய நூல் 1829இல் சென்னையிலேயே அச்சாயிற்று. சதுரங்க வரலாற்றைக் கற்பவர்கள் இன்றும் போற்றும் நூல் அது.

இந்தப் போட்டியில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சென்னையில் ஒரு பலகை, ஐதராபாத்தில் ஒரு பலகை என்று இரண்டு பலகைகள் இருந்தன. ஆயினும் ஆட்டம் ஒன்றே. பலகையை யாரும் அனுப்பவில்லை, காய்களையும் அனுப்பவில்லை. எந்தக் காய் எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்னும் ஒரு வரிச் செய்தியை மட்டுமே அனுப்பினார்கள். இரு ஊராரும் அதே நகர்வைத் தத்தம் பலகையில் செய்துகொண்டால், இரு பலகைகளும் எப்போதும் ஒரே தோற்றத்தில் இருக்கும். யாராவது ஒருவர் ஒரு காயை ஒரு கட்டம் தவறி வைத்துவிட்டால்? அந்தக் கணத்திலிருந்து ஓர் ஆட்டம் இரண்டு ஆட்டங்களாகப் பிளந்துவிடும். ‘பலகையை அனுப்பாதே, நகர்வை அனுப்பு’ என்னும் இவ்விதியே, பிற்காலத்தில் கணிப்பொறிகளை இணைத்து விளையாடியவர்களுக்கும் வழிகாட்டியாயிற்று.

கடிதத்துக்குப் பின் தந்தி வந்தது. 1844இல் அமெரிக்காவில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸ் அமைத்த தந்திக் கம்பி வழியாகச் சதுரங்கம் ஆடினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் அவ்வாறே ஆடினார்கள். அரசாங்கச் செய்திகளுக்கும் வணிகச் செய்திகளுக்கும் என்று போட்ட கம்பியில், போட்ட உடனேயே விளையாட்டும் ஓடத் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். மனிதன் புதிய பாதை ஒன்றைக் கண்டால் அதில் வேலைக்காக ஒரு முறை நடக்கிறான். விளையாட்டாகப் பத்து முறை ஓடுகிறான். 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. நம் கடற்கரைக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் இடையே மின்வழித் தொடர்பு அன்று ஏற்பட்டது.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 1973ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர் பயிற்சி பெற்று வந்தனர். ஸ்டீவ் காலி, ஹவர்ட் பால்மர், கிரெக் தாம்சன் என்பார் அவர்களுட் சிலர். அங்கே இம்லாக் என்னும் பெயருடைய, படம் வரையும் திரை கொண்ட கணிப்பொறிகள் இருந்தன. சுவர்களுக்கு இடையே நடந்து செல்வது போலத் தோன்றும் புதிர்வழி ஒன்றை அவர்கள் அத்திரையில் அமைத்தார்கள். தனியே நடப்பது சலித்தது. அப்போது அவர்களுக்கு ஒரு எண்ணம் தோன்றிற்று. இரண்டு பொறிகளைக் கம்பியால் இணைத்தார்கள். ஒருவர் மற்றவரை அந்தப் புதிர்வழியில் தேடவும் துரத்தவும் முடிந்தது. ‘மேஸ் வார்’ என்று பெயர் பெற்ற அந்த ஆட்டம், இணைக்கப்பட்ட பொறிகளில் பலர் கூடி ஆடும் ஆட்டங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று. அதைச் செய்தவர்கள் உங்கள் வயதினர் என்பதே எனக்கு வியப்பூட்டுகிறது.

இரண்டு கணிப்பொறிகளைக் கம்பியால் இணைப்பது எவ்வாறு? இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பொறிக்கும் வாய் ஒன்றும் செவி ஒன்றும் உண்டு என்று கொள்ளுங்கள். செய்தியை வெளியே விடும் முனை வாய். செய்தியை வாங்கும் முனை செவி. வாயை வாயோடும் செவியைச் செவியோடும் இணைத்தால் இருவரும் பேசுவர், ஒருவரும் கேளார். ஆகவே இதன் வாயிலிருந்து வரும் கம்பி அதன் செவிக்குப் போக வேண்டும். அதன் வாய்க்கம்பி இதன் செவிக்கு வர வேண்டும். கம்பிகள் இரண்டையும் குறுக்கே மாற்றிவிடும் இந்தச் சிறு வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள், சில ரூபாய்ச் செலவில் இரண்டு பொறிகளை உரையாடச் செய்துவிடலாம்.

1980களில் வீட்டுக்குரிய சிறு கணிப்பொறிகள் பெருகின. 1982இல் இங்கிலாந்தில் சின்க்ளேர் நிறுவனம் ‘ஸ்பெக்ட்ரம்’ என்னும் பொறியை வெளியிட்டது. வீட்டில் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரை. நிரல்களைச் சாதாரண ஒலிநாடாவில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். மறு ஆண்டில், 1983இல், அதனோடு பொருத்தும் துணைக்கருவி ஒன்று வந்தது. அதன் உதவியால் 64 ஸ்பெக்ட்ரம் பொறிகள் வரையில் ஒரே கம்பித் தொடரில் இணைக்கலாம். கம்பியின் முனையில் இருந்தது, காதில் மாட்டும் ஒலிக்கருவிக்கு உள்ளது போன்ற சிறிய செருகிதான்.

அதே நாட்டின் ஏகார்ன் நிறுவனம் 1981இன் இறுதியில் ‘பி.பி.சி. மைக்ரோ’ என்னும் பொறியை வெளியிட்டது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் மக்களுக்குக் கணிப்பொறிக் கல்வி ஊட்டுவதற்காக நடத்திய இயக்கத்திற்கென அமைந்த பொறி அது. அதன் நினைவாற்றல் 32 கிலோபைட்டு. இன்று உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதற்குள் அடங்காது. அந்தப் பொறிகளைப் பள்ளி வகுப்பறையில் இணைப்பதற்கு ‘எக்கோநெட்’ என்னும் முறை இருந்தது. பொறியின் உள்ளேயே அதற்கு இடம் விட்டிருந்தார்கள். உரிய சில்லுகளைப் பொருத்தினால் போதும். ஒரே தொடரில் 254 நிலையங்கள் வரை எண்ணிட்டு அமைக்கலாம். ஆம், ஒவ்வொரு பொறிக்கும் ‘நிலையம்’ என்றே பெயர். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண்.

எக்கோநெட்டில் இரண்டு இணைக் கம்பிகள் ஓடின. ஒன்றில் செய்தி சென்றது. மற்றொன்றில் தாளம் சென்றது. தாளமா என்று வியக்க வேண்டாம். தனியே ஒரு சிறு பெட்டி, இடைவிடாமல் சீராகத் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பைக் கேட்டே எல்லாப் பொறிகளும் செய்தியின் எழுத்துகளை எண்ணின. கச்சேரியில் பாடுவோரும் வாசிப்போரும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்படுவது போன்றது இது. இனி, இரயில் நிலையத்தின் நான்கு படிகளை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். எக்கோநெட்டில் ஒரு நிலையம் மற்றொன்றுக்குச் செய்தி அனுப்புமுன் சிறு முன்னோட்டச் செய்தி ஒன்றை விடும். மறு நிலையம், ‘கேட்டேன், அனுப்பலாம்’ என்று விடை தரும். பிறகு உண்மையான செய்தி செல்லும். இறுதியில், ‘வந்து சேர்ந்தது’ என்னும் ஒப்புதல் திரும்பும். கேட்டல், இசைதல், அனுப்புதல், அறிவித்தல் என்னும் அதே நான்கு படிகள். டோக்கன் என்னும் சொல்லையும் கணிப்பொறி வலையமைப்போர் விட்டுவிடவில்லை. டோக்கன் கையில் உள்ள பொறியே பேசலாம் என்னும் விதியில் இயங்கிய வலைகளும் 1980களில் இருந்தன.

இந்தக் கதையில் மிகவும் சுவையான பகுதி இசைக்கருவிகளிலிருந்து வந்தது. 1983இல் ‘மிடி’ என்னும் பொதுமுறை ஒன்றை இசைக்கருவி செய்வோர் வகுத்தனர். ஒரு விசைப்பலகைக் கருவியில் விரலை வைத்தால், கம்பியால் இணைந்த மற்றொரு கருவியும் அதே சுரத்தை ஒலிக்க வேண்டும் என்பது நோக்கம். அதில் செய்தி விநாடிக்கு 31,250 துணுக்குகள் வீதம் ஓடும். 1985இல் வந்த ‘அட்டாரி எஸ்.டி.’ என்னும் வீட்டுக் கணிப்பொறியில் இசைக்கலைஞர்களுக்காக இந்த மிடித் துளைகளை உடலிலேயே அமைத்திருந்தார்கள். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே.

அதைக் கண்ட நிரலாளர் சிலருக்கு ஒரு குறும்பு தோன்றிற்று. சுரத்தை அனுப்பும் கம்பியில் ஆட்டக்காரரின் நகர்வை அனுப்பினால் என்ன? ஒரு பொறியின் ‘வெளியே’யிலிருந்து அடுத்த பொறியின் ‘உள்ளே’க்கு என்று வரிசையாக இணைத்து, கடைசிப் பொறியை முதற்பொறியோடு சேர்த்தார்கள். கோலாட்டத்தில் நிற்பது போல் பொறிகள் வட்டமாக நின்றன. ஒவ்வொன்றும் தனக்கு வந்த செய்தியைக் கேட்டு, அடுத்ததற்குக் கைமாற்றும். செய்தி வட்டம் சுற்றி முடிந்தால் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். 1987இல் வெளிவந்த ‘மிடி மேஸ்’ என்னும் அந்த ஆட்டத்தில் 16 பேர் வரை கலந்துகொள்ளலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. வட்டத்தில் ஒருவர் கம்பியைப் பிடுங்கினால் 16 பேருக்கும் ஆட்டம் நின்றுவிடும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மிடிக் கம்பியில் ஓர் எழுத்துக்குப் பத்துத் துணுக்குகள் செலவாகும். ஆகவே விநாடிக்கு 3,125 எழுத்துகள் செல்லும். அட்டாரியின் திரையில் உள்ள ஒரு காட்சிக்கு 32,000 எழுத்துகள் தேவை. அதை அப்படியே அனுப்பப் பத்து விநாடிக்கு மேல் ஆகும். பத்து விநாடிக்கு ஒரு காட்சி என்றால் அது விளையாட்டாகுமா? ஆனால் ஆட்டக்காரர் தம் கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார் என்று சொல்ல ஓர் எழுத்தே போதும். ஒவ்வொரு பொறியும் அந்த நகர்வைக் கேட்டுத் தன் பலகையைத் தானே மாற்றி வரைந்துகொள்ளும். குலாம் காசிமின் சென்னையும் எதிரணியின் ஐதராபாத்தும் கடைப்பிடித்த விதிதான் இது.

சதுரங்கத்தில் இல்லாத சிக்கல் ஒன்று பிற ஆட்டங்களில் உண்டு. தாயம் ஆடுகிறோம் என்று கொள்ளுங்கள். இரண்டு வீடுகளில் இரண்டு தாயக்கட்டைகளை உருட்டினால் ஒரு வீட்டில் தாயம் விழும். மறு வீட்டில் வேறொன்று விழும். பலகைகள் பிளந்துவிடும். இதற்குக் கணிப்பொறியாளர் கண்ட வழி எளியது. கணிப்பொறியின் தாயக்கட்டை உண்மையில் குருட்டு அதிர்ஷ்டத்தால் விழுவதன்று. ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆட்டம் தொடங்குமுன் எல்லாப் பொறிகளுக்கும் ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்துவிட்டால், எல்லா வீட்டிலும் ஒரே தாயமே விழும். இருந்தும் ஒரு செய்தி கம்பியில் சிதைந்து போனால் ஆட்டம் பிளக்கும். ஆதலால் பொறிகள் இடையிடையே, ‘என் பலகையின் கூட்டுத்தொகை இது, உன்னுடையது என்ன?’ என்று ஒப்பிட்டுக்கொள்ளுமாறும் செய்தார்கள்.

நம் நாட்டுக்கு இப்பொறிகள் எப்போது வந்தன? 1984 நவம்பரில் மைய அரசு புதிய கணிப்பொறிக் கொள்கையை அறிவித்தது. அதுவரை மிக உயர்ந்திருந்த இறக்குமதித் தடைகளும் தீர்வைகளும் தளர்ந்தன. 1984-85ஆம் கல்வியாண்டில் பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்பும் ‘கிளாஸ்’ திட்டம் தொடங்கியது. முதலில் 250 பள்ளிகள். பின்னர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். அவற்றுக்கு வழங்கப்பெற்றது முன்னே சொன்ன பி.பி.சி. மைக்ரோதான். மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் என்னும் அரசு நிறுவனம் அப்பொறியை இந்தியாவிலும் உருவாக்க முற்பட்டது. 1989 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் தொழிற்கூடம் தீக்கிரையாயிற்று. இதற்கிடையே, ஸ்பெக்ட்ரம் பொறியை உரிமம் பெற்று இந்தியாவில் விற்ற நிறுவனம் ஒன்றும் 1980களில் இருந்தது. டெசிபெல்ஸ் என்னும் அந்நிறுவனம் இருந்த ஊர் எது தெரியுமா? ஐதராபாத். அன்று சதுரங்கத்தில் நம் எதிரணியாய் இருந்த அதே ஊர்.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இவை எட்டினவா? வீட்டுக்கொரு கணிப்பொறி என்பது அன்று மேல்நாட்டுக் கனவு. துறைமுகத்தில் சுமை தூக்கியவரும், திருவொற்றியூர் ஆலையில் முறைவேலை பார்த்தவரும், காசிமேட்டில் வலை பின்னியவரும் அதை வாங்குவது எங்ஙனம்? ஆனால் கடல் வழியாக வரும் எதுவும் முதலில் கால் வைக்கும் இடம் இதுவே. பர்மாவிலிருந்து 1960களில் கப்பலேறித் தாயகம் திரும்பிய தமிழர்களுக்காகத் துறைமுகத்தின் எதிரே 1969இல் எழுந்த பர்மா பஜாரில், வெளிநாட்டு வானொலியும் ஒலிநாடாக் கருவியும் பின்னாளில் தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிகளும் விற்பனைக்கு வந்தன. ஒரு தெருவில் ஒருவர் வீட்டுத் தொலைக்காட்சியில் இருவர் ஆட, ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று தம் முறைக்குக் காத்திருப்பர். கம்பியால் பொறிகளை இணைக்க வழியில்லாத இடத்தில், ஒரே பொறி மனிதர்களை இணைத்தது.

1983ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் பெட்டகங்களைக் கையாளும் தனி முனையம் திறக்கப்பட்டது. மிடி பிறந்ததும் ஸ்பெக்ட்ரம் பொறிகள் கைகோத்ததும் அதே ஆண்டில்தான். இரும்புப் பெட்டகத்துக்கும் கணிப்பொறிச் செய்திக்கும் பொருத்தம் ஒன்று உண்டு. பாரந்தூக்கியை இயக்குபவர் பெட்டகத்துக்குள் இருப்பது துணியா, தோலா என்று பார்ப்பதில்லை. மேலே உள்ள எண்ணையும் சேருமிடத்தையும் பார்க்கிறார். கணிப்பொறி வலையும் அவ்வாறே செய்தியைப் பொட்டலங்களாகக் கட்டி, முகவரி எழுதி அனுப்புகிறது. உள்ளே இருப்பது வங்கிக் கணக்கா, விளையாட்டின் நகர்வா என்று கம்பி கேட்பதில்லை.

1986இல் கல்வி நிலையங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் இணைக்கும் ‘எர்னெட்’ திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதன் தொடக்க உறுப்பினருள் ஒன்று. 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது. 1998இல் தனியார் நிறுவனங்களுக்கும் இசைவு கிடைத்தது. அவற்றுள் முன்னின்றது சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே. தெருவுக்குத் தெரு ‘பிரவுசிங் சென்டர்’கள் தோன்றின. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். தேர்வு முடிவு பார்க்கவும் வேலைக்கு விண்ணப்பிக்கவும் என்று அமைந்த அந்தக் கடைகளில் பொறிகள் ஒரே வலையில் இணைந்திருந்தன. அது போதாதா? மாலை வேளைகளில் மாணவர்கள் எதிரெதிரே அமர்ந்து கூட்டாட்டம் ஆடினார்கள். தந்திக் கம்பியில் சதுரங்கம் ஓடிய கதையே மீண்டும் நிகழ்ந்தது.

‘விளையாட்டுத்தானே, இதற்கு வரலாறு எதற்கு?’ என்று பெரியவர்கள் கேட்கலாம். திருவொற்றியூரே அதற்கு விடை சொல்லும். 1946இல் அவ்வூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யும் தொழில் ஒன்று தொடங்கியது. அதுவே பின்னர் எம்.ஆர்.எஃப். என்னும் பெரிய டயர் நிறுவனமாக வளர்ந்தது. விளையாட்டுப் பொருளில் கற்ற கைத்திறம் பெருந்தொழிலுக்கு அடிக்கல் ஆனது. கம்பி வழி ஆட்டமும் அத்தகையதே. பல பொறிகளில் உள்ள கணக்கு ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டும் என்னும் சிக்கல், இரயில் முன்பதிவிலும் வங்கியிலும் உண்டு. ஓர் இருக்கையை இருவருக்கு விற்றால் என்ன ஆகும்? பலகை பிளந்துவிட்டது என்று பொருள்.

கம்பி அறுந்தால் என்ன நீதி? இக்கேள்வியும் விளையாட்டில் எழுந்ததே. 2020ஆம் ஆண்டு, பெருந்தொற்றின் காரணமாக உலகச் சதுரங்க ஒலிம்பியாடை இணைய வழியில் நடத்தினார்கள். ஆகஸ்டு 30ஆம் நாள் இறுதிப் போட்டியில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. நம் சென்னையின் விசுவநாதன் ஆனந்த் இந்திய அணியில் இருந்தார். ஆட்டத்தின் நடுவே இணையத் தொடர்பு பழுதுற்றது. இந்தியாவின் நிகால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் தொடர்பை இழந்து, நேரம் கடந்து தோற்றதாகக் குறிக்கப்பட்டனர். பலகையில் தோற்கவில்லை, கம்பியில் தோற்றனர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஆராய்ந்து, இரு நாடுகளையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தது. இயந்திரம் தந்த தீர்ப்பை மனிதர் திருத்திய நாள் அது. எத்துணை நுட்பமான வலையை அமைத்தாலும், அது பழுதுபடும்போது நியாயம் பேச மனிதர் வேண்டும் என்பதை நாம் மறத்தலாகாது.

தாமதம் இருக்கவே செய்யும். 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இடப்பட்ட கடலடி ஒளியிழைக் கம்பி ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. போய்வர விநாடியில் முப்பத்தொரு பங்கில் ஒன்று ஆகிறது. அதற்குக் குறைக்க எந்தப் பொறியாளராலும் இயலாது. குலாம் காசிமின் கடிதத்துக்குப் பல நாட்கள். இதற்கு இமைப்பொழுதினும் குறைவு. ஆயினும் இரண்டிலும் எதிரணியின் விடைக்குக் காத்திருத்தல் என்பது ஒன்றே.

மாணவ நண்பர்களே, இறுதியாக ஒரு வேண்டுகோள். இராயபுரம் நிலையத்துக் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அதைக் காக்க வேண்டும் என்று குரல் எழுகிறது. ஆனால் பழைய கணிப்பொறிகள் மஞ்சள் படிந்த வெறும் பெட்டிகளாகத் தோன்றுகின்றன. அதனால் அவை எடைக்குப் போகின்றன. இங்கிலாந்தில் பிளெட்ச்லி என்னும் ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் பி.பி.சி. மைக்ரோக்களை ஒரு வகுப்பறையாகவே அமைத்து, இன்றைய குழந்தைகளைத் தொட்டுப் பழக விடுகிறார்கள். நம் பள்ளிகளில் அந்தப் பொறிகளின் முன் அமர்ந்த முதல் தலைமுறை இன்று ஐம்பது வயதைக் கடந்திருக்கும். அவர்களுடைய நினைவே நம்மிடம் எஞ்சியுள்ள ஏடு.

உங்கள் பள்ளிக் கிடங்கிலோ உறவினர் வீட்டுப் பரணிலோ அத்தகைய பெட்டி ஒன்றைக் கண்டால், அவசரப்பட்டு மின்சாரம் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் பழைய மின்தேக்கிகள் புகைந்து வெடிக்கக்கூடும். தெரிந்தவரைக் கொண்டு முதலில் சோதிக்கச் செய்யுங்கள். ஒலிநாடாவிலும் நெகிழ்தட்டிலும் பதிந்தவை ஆண்டுதோறும் மங்கி வருகின்றன. படிக்க முடிந்தவற்றை இப்போதே படியெடுத்து வையுங்கள். அதைப் பயன்படுத்திய ஆசிரியரையும் பழைய மாணவரையும் தேடிச் சென்று, யார் யாரோடு ஆடினீர்கள், கம்பியை எங்கே வாங்கினீர்கள், தோற்றவர் என்ன சொன்னார் என்றெல்லாம் கேட்டு எழுதுங்கள்.

சென்னை–ஐதராபாத்துச் சதுரங்கத்தை ஆடியவர்கள் மறைந்து நூற்றாண்டுகள் ஆயின. அவர்கள் நகர்த்திய காய்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நகர்வுகளை எழுதி வைத்தார்கள். ஆதலால் இன்றும் நாம் ஒரு பலகையை எடுத்து வைத்து, அந்த ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிப் பார்க்கலாம்.